சுண்ணாம்புச் சுவர்

என் நாட்குறிப்பில் அன்று புதன்கிழமை. ஒன்றிய அலுவலகக் கோப்பில் அதே கூட்டம் வியாழக்கிழமை என்று இருக்கிறது. கோப்பை எழுத வேண்டிய எழுத்தர் புதன்கிழமை வந்து சேரவேயில்லை என்பதுதான் காரணம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. அதிகாரிகளையும் எழுத்தரையும் சுருட்டிய வரைபடத்தையும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்ட ஜீப், யாரோ வெட்டிப்போட்ட புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது.

கூட்டம், கச்சிராயபாளையத்தைத் தாண்டி அணை நீரை ஒட்டி ஒன்றியம் நடத்திவந்த பூங்காவில். கடல் எங்களுக்கு வெகு தூரம். விடுமுறை என்றால் அணைதான். கல்வராயன் மலையைப் பார்த்தபடி நான்கு தங்கும் அறைகள், துருவேறிய ஊஞ்சல்கள், நீரில் இறங்கப் படிகள். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப்போகிறோம், மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள்.

வேறு வாரமாக இருந்தால் பத்துப் பேர் வந்திருப்பார்கள். அந்த வாரம் கரும்பு வண்டி எதுவும் ஆலைக்குப் போகவில்லை. வெட்டு நின்றுபோய், வயல் வேலைக்காரர்கள் எல்லாரும் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

முந்தின நாளே சைக்கிளில் வந்து பூங்கா அறையில் தங்கியிருந்த ஓவர்சியர் மட்டும்தான் அரசாங்கத்தின் தரப்பில். ஒன்றியத்துக்குக் காகிதமும் மையும் என் கடையிலிருந்துதான் போகும். அந்தப் பழக்கத்தில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கூட்ட நடவடிக்கைய நீங்க எழுதிடுங்க. ஒங்க கையெழுத்து எங்க கிளார்க்கோடதவிட நல்லாவே இருக்கும்."

"வரைபடம்?"

"மண்டைல கீது."

அடிமரங்களுக்குப் பூச வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை ஒரு பழைய டப்பாவில் அள்ளி, அவர் தரையிலேயே கோடு போட ஆரம்பித்தார். சின்னதாக இல்லை, கட்டப்போகும் அளவிலேயே. இது அறை, இது சமையல்கூடம், இது குளியலறை. கோட்டில் விட்ட இடைவெளி வாசல். கடைசியாகப் பூங்காவைச் சுற்றி நீளமாக ஒரு கோடு: மதில். அதில் ஒரே ஒரு கேட், அந்தக் கோடியில், சாலைப் பக்கம்.

அந்த மதில்கோடு புங்கமரத்துக்கும் படிகளுக்கும் நடுவில் போயிற்று. புங்கமரம் மீன்காரம்மாவின் இடம். மற்ற நாட்களில் கரும்பு வெட்டும் கூலிக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை படிகளில் பரிசல்காரரிடம் மீன் வாங்கி, மரத்தடியில் பொரித்து, தண்ணீரிலிருந்து நடுங்கிக்கொண்டு ஏறி வருகிறவர்களுக்கு விற்பார். வெட்டு இல்லாத மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளால்தான். மதில் எழுந்தால் அவருடைய அடுப்பு வெளியே, மீனும் வாங்குகிறவர்களும் உள்ளே.

ஓவர்சியர் படியருகே நின்றுகொண்டு, மரத்தடியில் நின்ற கூட்டத்தைக் கூப்பிட்டார். "எல்லாம் இப்டி வாங்க. வந்து கருத்தச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. முதலில் கூச்சம் என்று நினைத்தேன். பிறகுதான் அவர்கள் காலைப் பார்த்தேன். அத்தனை பேரும் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்கள்.

"இன்னா மீன்காரம்மா, ஒன்னதான் கூப்புடறேன்!"

"எப்டி சார் வர்றது? செவுரு கீதே."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "யம்மா, வழில ரெண்டு புளியமரத்த ஏறித் தாண்டிக்கினு வந்த. இந்தச் சுண்ணாம்புக்கா நின்னுக்கினு கீற?"

"அது மரம்டா. வுழுந்து கெடக்குது, தாண்டலாம். இது சாரு கட்டுன செவுரு. ஏறிக் குதிச்சா வாட்ச்மேன் சும்மா வுடுவாரா?"

ஓவர்சியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, கேட்டு வழியா வா."

மீன்காரம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பின்னாலேயே மற்றப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். கோட்டை ஒட்டியே சாலை வரை நடந்தார்கள். கேட் என்று விட்ட இடைவெளியில் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். அறைகளாகப் போட்ட கோடுகளையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு படியை நோக்கி வந்தார்கள். சிலர் சமையல்கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று நிறையப் படித்தவன் நான். கட்டாத ஒன்றுக்குள் ஊரே நடந்து போனதை எங்கும் படித்ததில்லை. என் கையில் பேனா எழுதாமல் நின்றது. விரல் கனமுள்ள வெள்ளைப் பொடிதான். அவர்கள் நடந்த விதத்தில் அது ஆள் உயரம் எழும்பி நின்றது. மலையிலிருந்து காற்று வந்தபோது, சுவர் அதைத் தடுக்கவில்லையே என்று எனக்கே ஒரு கணம் ஆச்சரியமாயிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. மீன்காரம்மா ஓவர்சியர் எதிரே வந்து நின்று, கூடையை இறக்கி, கருத்துச் சொன்னார்.

"மீனு ஆறிப்பூடும் சார்."

அவ்வளவுதான். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் அதில் இருந்தன. ஓவர்சியர் மரத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கேட் இருந்த தூரத்தைப் பார்த்தார். பிறகு மரத்துக்கு நேரே போய், செருப்புக் காலால் கோட்டை இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் கைவிரித்து நிற்கும் நீளம், தேய்த்து அழித்தார்.

மீன்காரம்மா உடனே அந்த வழியாக வெளியே போனார். போகும்போது தலைக்கூடையோடு லேசாகக் குனிந்தார், மேலே நிலை இடிக்காமல் இருக்க.

நான் நடவடிக்கையில் உள்ளபடி எழுதினேன்: 'சுவர் இருந்தமையால் நேரே வர இயலவில்லை. சுற்றி வந்தால் மீன் ஆறிவிடும் என்று தெரிவிக்கப்பட்டது. மரத்துக்கு எதிரே சுவர் அகற்றப்பட்டது.'

சாலை திறந்த பிறகு அந்தத் தாள் கள்ளக்குறிச்சிக்குப் போனது. அதே வேகத்தில் ஓரத்தில் சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. 'சுவர் இன்னும் கட்டப்படவேயில்லை. எந்தச் சுவர்? அகற்ற அனுமதித்தது யார்?' இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். ஓவர்சியர் அதைப் படித்துவிட்டுக் கிழித்தார். "இத நம்ப மாட்டாங்க பாய்" என்று சொல்லி, ஜீப்பில் வந்து சேர்ந்த வரைபடத்தை விரித்து, மதிலில் ஒரு திறப்பு வரைந்து, பக்கத்தில் 'காற்றோட்டத்துக்காக' என்று எழுதினார். மறுபேச்சின்றிக் கையெழுத்தாகிவிட்டது.

மதில் எழும்பிய பிறகு நாடாவுடன் போய் அளந்தேன். சரியாக இரண்டு பாகம். மேலே நிலை கிடையாது, வெறும் வானம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மீன்காரம்மா படியிலிருந்து மீன்கூடையுடன் வந்தார், திறப்பில் லேசாகக் குனிந்தார், மரத்தடிக்குப் போனார். மீன் வாங்க அவர் பின்னால் போன நானும் குனிந்தேன்.