இரண்டு படகுக்கும் மாலை

1. சீஃப் விழுந்த காலை

எங்கள் அலுவலக முதலாளி குளியலறையில் வழுக்கி விழுந்ததால்தான் நான் முதன்முதலாகத் தனியாக ஒரு படகைத் தேர்ந்தெடுக்கப் போனேன். அவர் கப்பலில் சீஃப் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் எல்லோருக்கும் அவர் சீஃப் சார். மீன்பிடிப் படகு, பார்ஜ், இழுவைப் படகு என்று யார் எதை வாங்கினாலும் விற்றாலும் அதைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் சர்வே எங்கள் தொழில். நான் படகுக் கட்டுமானம் படித்தவள். நெரவியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். அப்போது என் மகள் மீனுவுக்கு இரண்டரை வயது.

அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது சீஃபிடமிருந்து போன் வந்தது.

"காயத்ரி, கால்ல கட்டு போட்டுட்டாங்கம்மா. கொச்சிக்கு நீதான் போவணும்."

"நானா சார்? தனியாவா?"

"தனியா ஏன்? முசேயும் அவர் சம்சாரமும் வர்றாங்கல்ல. ரெண்டு போட்டையும் பாரு, ஓட்டிப் பாரு, எது நல்லதுன்னு உன் பேர்ல கையெழுத்துப் போடு."

"நீங்க ஒரு தடவை பார்த்துட்டு கையெழுத்து..."

"கால்தான் ஒடிஞ்சிருக்கு, உன் படிப்பு ஒடியலையே."

போனை வைத்தபின், ஒருவேளை அவர் வேறு காயத்ரியை நினைத்துப் பேசியிருப்பாரோ என்றுகூட யோசித்தேன். எங்கள் அலுவலகத்தில் காயத்ரி நான் ஒருத்திதான்.

2. முசேயின் ஆசை

பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை முசே என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த முசே சோமசுந்தரம் அங்கே பல வருடம் ரயில் ஓட்டியவர். தண்டவாளத்தில் ஓட்டி அலுத்துவிட்டது, இனித் தண்டவாளம் இல்லாத இடத்தில் ஓட்ட வேண்டும் என்பார். காரைக்காலிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து தாய்லாந்து, திரும்பும் வழியில் இலங்கை என்று திட்டம். ஆளும் வைக்கப் போவதில்லை, அவரும் அவர் மனைவி திலகவதி அம்மாவும் மட்டும். இருவருக்கும் பிரான்சில் படகோட்டும் லைசென்ஸ் உண்டு. அந்த அம்மா அதை வாங்கியதே இவரை நம்பாமல்தான்.

இங்கே கொஞ்சம் பாடம் சொல்ல வேண்டும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக. மோட்டார் யாட்டில், ஹல் என்கிற அடிப்பாகத்தின் வடிவத்தை வைத்து, முக்கியமாக இரண்டு ஜாதி. பிளேனிங் ஹல் என்பது வேகம் பிடித்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பி, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திப் போகும். டீசலையும் அப்படியே குடிக்கும். டிஸ்ப்ளேஸ்மென்ட் ஹல் எழும்பாது. எருமை குளத்தில் நடப்பதுபோலத் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஏழு, எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏழெட்டு கடல் மைல், போகும். ஆனால் ஒரே டேங்க் டீசலில் வெகுதூரம் போகும். காரைக்காலிலிருந்து போர்ட் பிளேருக்கு எழுநூறு கடல் மைலுக்கு மேல். நடுவில் பங்க் கிடையாது.

கொச்சியில் விற்பனைக்கு இருந்தவை இரண்டு. ஒன்று வெள்ளை பிளேனிங் படகு, இரட்டை என்ஜின். அந்தமான் வரை போதுமா என்று கேட்டதற்கு, கூடுதல் டேங்க் வைத்து மெதுவாக ஓட்டினால் போதும் என்று புரோக்கர் எழுதியிருந்தார். மற்றது கட்டைகுட்டையான டிஸ்ப்ளேஸ்மென்ட் படகு. பெரிய என்ஜின் ஒன்று, அது நின்றால் ஊர்ந்து கரை சேரச் சின்ன என்ஜின் ஒன்று. போட்டோவைப் பார்த்த முசே, "இது என்னம்மா, டிபன் கேரியருக்கு ஜன்னல் வச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் மனம் வெள்ளையில் இருந்தது.

என் கணக்கு டிபன் கேரியரைச் சொன்னது. ஆனால் கணக்கு காகிதத்தில் இருப்பது. நான் தப்பாகக் கையெழுத்துப் போட்டால், வங்கக் கடலின் நடுவில் நின்றுபோன படகில் இருக்கப்போவது அறுபது தாண்டிய இரண்டு பேர். ரயிலில் எர்ணாகுளம் போகும் வழியெல்லாம், ஒரு என்ஜின் போதுமா, இரண்டு இருந்தால்தான் பாதுகாப்போ என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தேன். திலகவதி அம்மாவின் மடியில் ஒரு பூசணிக்காயும் பெரிய பையும் இருந்தன.

"எதுக்கும்மா பூசணிக்காய்?"

"புது வண்டி ஓட்டுறப்ப சும்மா ஓட்டுவாங்களா?"

"இன்னும் வாங்கலையே."

"வாங்கிட்டு உடைச்சா மட்டும் திருஷ்டி திரும்பிப் போயிருமா? வர்றதுக்கு முந்தியே உடைக்கணும்."

3. பூஜை

பையில் இரண்டு மாலைகள் இருந்தன, வாழைநாரில் நெருக்கிக் கட்டிய சாமந்தி. ஒரு படகுக்கு மட்டும் போட்டால் மற்றது கோபித்துக்கொள்ளுமாம். கொச்சிப் படகுத்துறையில் இரண்டின் முகப்பிலும் மாலை தொங்கியது. அடுத்து எலுமிச்சம்பழம். காருக்கு என்றால் சக்கரத்தின் அடியில் வைக்கலாம், படகுக்குச் சக்கரம் ஏது? கடைசியில் முசே ஒன்றொன்றாகப் பழத்தை ஒவ்வொரு படகின் முன்னாலும் தண்ணீரில் போட்டார். அவை மிதந்துகொண்டு எங்களைப் பார்த்தன. பூசணிக்காயைப் பிளந்து இரண்டுக்கும் நடுவில், படகு கட்டும் ஜெட்டி மேடையிலேயே போட்டுவிட்டார்.

புரோக்கர் நல்ல கனமான மனிதர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "மேடம், இது சர்வேயா, கல்யாணமா?" என்று என்னிடம் கேட்டார். நான் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன்.

முதலில் வெள்ளை. துறைமுக வாய்க்காலைத் தாண்டிக் கடலில் இறங்கியதும் புரோக்கர் த்ராட்டிலைத் தள்ளினார். படகு எழும்பிப் பறந்தது. முசேயின் முகத்தில் இருபது வயது குறைந்தது. "பார்த்தியா திலகா!" என்று கத்தினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது. அதுவே எனக்குப் பயமாகவும் இருந்தது.

வேகத்தைக் குறைத்து அலையை நிதானமாகப் பார்க்கலாம் என்று நின்றோம். காற்றில் ஆடிக்கொண்டிருந்த மாலை அப்போதுதான் அறுந்து, படகின் அடிப்பக்கமாக மிதந்து போனது. நான் பார்த்தேன். மாலை விழுவது அபசகுனமா என்று யோசித்தேனே தவிர, அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. புரோக்கர் ரிவர்ஸ் போட்டார். கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது. இடது என்ஜின் சூடு. அதை அணைத்த கையோடு வலது என்ஜினும் கத்தியது, அதையும் அணைத்தார்.

என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் துவாரம் அடியில் இருக்கும். உள்ளே வரும் குப்பையைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு, சீ ஸ்ட்ரெய்னர் என்போம். இரண்டு என்ஜின்களின் துவாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எங்கள் மாலை பாரபட்சம் பார்க்கவில்லை.

"ஸ்ட்ரெய்னர் எங்க இருக்கு?" என்றேன்.

"பெட்ரூம்ல, கட்டிலின்ட அடியில்" என்றார் புரோக்கர். மெத்தையைத் தூக்கி, பலகையைத் தூக்கி, அதன்கீழ் இன்னொரு மூடியைத் தூக்கினார். கீழே இருந்தது ஒரு பொந்து. புரோக்கர் அதைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு நான் குப்புறப் படுத்து இறங்கினேன். உள்ளே கொதித்தது. ஓட்டம் இல்லாத படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி, தொட்டில் மாதிரி ஆடியது. மேலே முசே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. திலகவதி அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுப் பொந்தின் வாயில் நீட்டினார். என் கணவர்.

"மீனு தோசை சாப்பிட மாட்டேங்குது. என்ன பண்ண?"

"சக்கரை தொட்டுக் குடுங்க."

"குடுத்தேன். துப்புது."

"அப்ப விட்டுடுங்க!"

"ஏன் கத்துற? எங்க இருக்க நீ?"

"கட்டிலுக்கு அடியில."

நல்லவேளையாக சிக்னல் போய்விட்டது.

முதல் ஸ்ட்ரெய்னரைத் திறந்து சாமந்தியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து மேலே நீட்டினேன். திலகவதி அம்மா பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டாவது ஸ்ட்ரெய்னர் இன்னும் உள்ளே இருந்தது, என் கை எட்டவில்லை. ஒரே என்ஜினில் கோணலாகத் துறைமுகம் திரும்பினோம்.

4. டிபன் கேரியர்

கரையில் ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்ததும் முசே மறுபடி கறாரான ரயில்காரராகிவிட்டார். "நியாயம்னா நியாயம். அதுக்கும் மாலை இருக்கு. அதுக்கும் அதே பரீட்சை வைக்கணும்."

புரோக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மட்டும் சரி என்றேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

டிபன் கேரியர் தன் ஏழு நாட் வேகத்தில் புறப்பட்டது. முசே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அலையில் ஆடத்தான் செய்தது, ஆனால் பெரியவர் தலையாட்டுவதுபோல நிதானமாக ஆடியது. நின்றபோது நாங்களே மாலையை அறுத்து அடிப்பக்கம் போட்டோம். உலகத்தில் எந்த சர்வேயரும் இப்படி ஒரு சோதனை செய்திருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் அலாரம் வந்தது.

பெரிய என்ஜினை அணைத்து, சின்னதைப் போட்டு, படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி வைத்தார் புரோக்கர். சின்ன என்ஜினுக்குத் தனியே வேறு பக்கத்தில் துவாரம். நான் படி இறங்கி என்ஜின் ரூமுக்குள் நடந்தேன். நிமிர்ந்து நடந்தேன். ஸ்ட்ரெய்னர் இடுப்பு உயரத்தில், சமையல்மேடையில் டப்பா வைத்த மாதிரி இருந்தது. வால்வை மூடி, மூடியைத் திருகி, மாலையை எடுத்து, திரும்ப மூடினேன். பின்னாலேயே வந்த திலகவதி அம்மா, "இம்புட்டுதானா? மிக்ஸி ஜார் கழுவுற வேலைதானே இது, நானே செய்வேன்" என்றார். உடனே அவரே ஒரு முறை திறந்து மூடியும் பார்த்தார்.

ஜெட்டிக்கு வந்ததும் முசே வெள்ளைப் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன இருந்தாலும் அது அழகு. மாலையைப் போடாம இருந்தா ஆச்சு."

"கடல்ல பிளாஸ்டிக் பை கெடக்கும், வலை கெடக்கும் சார்" என்றேன். "ஆனா வெள்ளையும் மோசம்னு சொல்ல முடியாது. பராமரிப்பு நல்லா இருக்கு. டேங்க் வச்சா ஒருவேளை..."

திலகவதி அம்மா என்னை நிறுத்தினார். "ஏம்மா, சுத்தி வளைக்காத. நாளைக்கு அந்தமானுக்குப் போவணும். உன் பொண்ணை எதுல ஏத்துவ?"

"இதுல" என்றேன். என் கை டிபன் கேரியரின் மேல் இருந்தது. யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

முசே பெருமூச்சு விட்டார். "ஏழே நாட் வேகம். எங்க ஊரு டவுன் பஸ்ஸு முந்திரும்."

"டவுன் பஸ்ஸு போர்ட் பிளேர் போகுமா?" என்றார் மனைவி. விஷயம் முடிந்தது.

5. ஏத்துங்க

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். சீஃப் படித்துவிட்டு, "எப்பவும் பத்துப் பக்கம் எழுதுவ, ஒரு பக்கத்துல முடிச்சிட்டியே, உடம்பு சரியில்லையா?" என்றார்.

முசேயும் அந்த அம்மாவும் டிபன் கேரியரைக் கொச்சியிலிருந்து தாங்களே ஓட்டி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு காரைக்கால் வந்து சேர்ந்தார்கள். அரசலாற்று முகத்துவாரத்தில் மணல் ஏறியிருந்ததால் ஓதம் ஏறி நீர்மட்டம் உயரும்வரை வெளியே காத்திருந்து உள்ளே வந்தார்கள். வரவேற்க மீனுவையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். முசே மேல்தளத்தில் நின்று எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டார்:

"மேடம், அன்னைக்குச் சொன்னீங்கல்ல? ஏத்துங்க புள்ளைய!"

கால் நகரவில்லை. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பெற்றவளின் கால் கணக்குப் படிப்பதில்லை. என் கணவர் காதோரமாக, "கையெழுத்துப் போட்டது நீதானே?" என்றார். மீனுவுக்கு லைஃப் ஜாக்கெட்டை மூன்று முறை இறுக்கிப் பார்த்து ஏறினேன். ஓதம் இறங்குவதற்குள் கடலில் ஒரு சுற்று போய்த் திரும்பினோம். நான் பாதி நேரம் என்ஜின் ரூமில் ஸ்ட்ரெய்னரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனு மேலே திலகவதி அம்மாவின் கையால் சாம்பார் சாதம் முழுக் கிண்ணமும் சாப்பிட்டாளாம்.

கற்றுக்கொண்டது இதுதான். நெடுந்தூரப் படகில் வேகத்தையும் அழகையும் கடைசியில் பாருங்கள். நடுக்கடலில் பழுதானால், ஏறப்போகிறவரின் கை அந்த இடத்துக்கு எட்டுமா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்களுக்கு வேண்டியவர் யாரையாவது அதில் மனத்துக்குள் ஏற்றிப் பாருங்கள். ரிப்போர்ட் தானாகச் சுருங்கிவிடும்.

சிரமம் என்னவென்றால், சீஃப் இதையே விளம்பரமாக்கிவிட்டார். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எங்க சர்வேயர் சும்மா கையெழுத்துப் போட மாட்டாங்க. சொந்தக் குழந்தையோட ஏறிக் காட்டுவாங்க" என்கிறார். அதற்குப் பிறகு வந்த படகுகள் பெரும்பாலானவற்றை வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் தேறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறோம். மீனுவுக்குப் புது லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும், பழையது சின்னதாகிவிட்டது.