மாமா மைக்கில் சொன்னது

எங்கள் வீட்டில் ஒரு செட்டாப் பாக்ஸ் இருந்தது. சனியன் என்றுதான் அதைக் கூப்பிடுவேன். ரிமோட்டை அமுக்கினால் கல்லு மாதிரி கிடக்கும். சரி, அமுங்கவில்லை போல என்று இன்னொரு தடவை அமுக்கினால், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எங்கேயோ கொண்டுபோய் விடும். செய்தி கேட்கப் போனால் சமையல் வரும். பதிந்து வைத்ததைப் பார்க்க உட்கார்ந்தாலோ, கேட்கவே வேண்டாம். பின்னால் செருகியிருந்த பென் டிரைவில் எல்லாம் பதிவாகும். ஆனால் விட்ட இடத்திலிருந்து காட்டாது, முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். வேகமாக ஓட்டினால் தாண்டிப் போய்விடும். பின்னால் இழுத்தால் திணறி நின்றுவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டு, அது மறுபடி உயிர் பெறுவதற்குள் நான் உலை வைத்துச் சோறே வடித்துவிடுவேன்.

மாமாவுக்கு மட்டும் அதன்மேல் கோபமே வராது. என் மாமனார் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல்; தோணியில் அவர் சொன்னதுதான் சட்டம். காற்றுக்காகக் காத்துக் கிடந்து பழகிய மனுஷன். "வரும்மா, இப்ப என்ன அவசரம்" என்று ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருடைய ஒரே மகன், என் வீட்டுக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறார். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். மாதா கோயில் திருவிழா அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடலில்தான் இருப்பார்கள். அதனால் உள்ளூர் கேபிள்காரர்கள் சப்பர பவனியை நேரடியாகக் காட்டும்போது, ஒருவர் மைக்கோடு கூட்டத்துக்குள் வருவார். கப்பலில் இருக்கிறவர்களுக்கு வீட்டார் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அது இங்கே வழக்கமாகிவிட்டது. வீட்டில் பெட்டி பதிந்து வைக்கும். கப்பல் இறங்கி வந்தவர் பார்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் மைக் மாமாவிடம் வந்தது. போனில் மகனிடம் "சாப்பிட்டியாலே? சரி, வச்சிருதேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர், வேட்டியைச் சரி செய்துகொண்டு, மைக்கை இரண்டு கையாலும் வாங்கிப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. கொஞ்சம் கிட்டப் போய்க் காது கொடுத்திருக்கலாம். வீட்டில்தான் பதிவாகிறதே, சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சப்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மாமா மைக்கைக் கொடுத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன மாமா சொன்னீங்க?"

"அவன் வரட்டும்மா. சேந்து பாப்போம்."

என் வீட்டுக்காரரும் கப்பல் இறங்கி வந்தார். மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். "அந்த முக்குத் திரும்பினதும் அங்கன நான் நிப்பேன்லே" என்று மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெட்டி ஓட்டினால் தாண்டியது, இழுத்தால் நின்றது. அணைத்துப் போட்டோம். மறுபடி கொடியும் வெடியும் முதலிலிருந்து வந்தன. ஒருவழியாக மாமாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. மைக்கை வாங்கினார், வாயைத் திறந்தார். படம் அப்படியே உறைந்துவிட்டது.

"சே! என்னப்பா இது! இதை வச்சு எப்படித்தான் குப்பை கொட்டுதீங்களோ!" என்று என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தார்.

மறுநாள் காலையிலேயே சனியனைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, புதுப் பெட்டி வாங்கி வந்து மாட்டினார். அப்பா இனிமேல் கஷ்டப்படக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் ஒரே கும்மாளம். தொட்டால் பறந்தது. பென் டிரைவைச் செருகினார். 'இந்தப் பதிவை இந்தப் பெட்டியில் பார்க்க இயலாது' என்று எழுத்து வந்தது.

அவர் கடைக்கு ஓடினார். "அண்ணாச்சி, எந்தப் பெட்டில பதிஞ்சீங்களோ அதுல மட்டுந்தான் ஓடும். உங்க பழசு அப்பவே கம்பெனி வண்டில போயிட்டே" என்றார் கடைக்காரர். கேபிள் ஆபீசில் பழையது எதையும் வைத்திருப்பதில்லையாம்.

திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாயாலதான் சொல்லுங்களேன்பா. என்னதான் சொன்னீங்க?"

மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துச் சிரித்தார். "அது மாதா முன்னால வச்சுச் சொன்னதுலே. வீட்டுல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? அடுத்த திருவிழாவுக்குச் சொல்லுதேன், போ."

அடுத்த திருவிழாவுக்கு மாமா இல்லை. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் நடந்த பிறகுதான் மகன் வந்து சேர்ந்தார். கல்லறையில் அழாத மனுஷன், வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்:

"ஏளா, நீ பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்தைகூடவா காதுல விழல?"

"ரெண்டு தடவை உங்க பேரைச் சொன்னாரு. வாய் அசைஞ்சதப் பாத்தேன். வேற ஒண்ணும் கேக்கலங்க."

அந்தச் சப்பரம் எங்கே போய்விடப் போகிறது? வருஷா வருஷம் வரும். ஐயோ, அன்றைக்கு அதைப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேனே!

இப்போதும் கப்பல் இறங்கி வந்தால், கொண்டுவந்த துணிமூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் அந்தப் பென் டிரைவை எடுத்துச் செருகுகிறார். பழைய சனியனாக இருந்தால் முடியாது என்று சொல்லவே ஒரு யுகம் ஆக்கியிருக்கும்; அதுவரைக்குமாவது மாமா வருவார் என்று உட்கார்ந்திருக்கலாம். புதுசு கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. எழுத்து திரையில் நிற்கிறது. நான் அணைக்கப் போனால், அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"கொஞ்சம் பொறுளா. இப்ப என்ன அவசரம்."