மூன்றாம் இலக்கமும் றெஜினாவின் உப்பும்

போர்க்காலத்தின் கடைசி வருடங்களில் ஒருநாள் காலை, பொரளையில் இருந்த எங்கள் உணவு ஆய்வுகூடத்துக்குப் பொலிஸ் ஜீப்பில் ஒரு சோற்றுப் பார்சல் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கொடுத்த சாப்பாடு. சாப்பிட்டவர்கள் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சமைத்த பெண் வடக்கிலிருந்து வந்தவர். நஞ்சு வைத்துவிட்டார் என்று பொலிஸ் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

இரசாயன நஞ்சு எதுவும் அகப்படவில்லை. வளர்ப்புத் தட்டில் கிருமியும் வளரவில்லை.

"கறியைத் திரும்பச் சூடாக்கியிருப்பாங்க. கிருமி செத்திருக்கும். அது விட்ட நச்சு சூட்டில அழியாது, அதைத் தேடுங்க" என்றார் எங்கள் தலைவி. சிங்களப் பெண்மணி, எல்லாருக்கும் அவர் மெடம்.

அதைக் கண்டுபிடிக்கும் கிட் சிங்கப்பூரிலிருந்து வர ஒரு கிழமை ஆகும். கையில் இருந்தது நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த அப்டமர் மட்டும். அது குட்டையான ஒற்றை இழை டிஎன்ஏ; மடிந்து நின்று குறிப்பிட்ட நச்சை மட்டும் பற்றிக்கொள்ளும்; பற்றினால் அதில் பூட்டிய சாயம் மினுங்கும். எந்த எழுத்து வரிசை எப்படி மடியும், நச்சில் எங்கே ஒட்டும் என்று கணினியில் பார்ப்பது என் வேலை. நூற்றுக்கணக்கில் கழித்து, நான்கை மட்டும் வெளிநாட்டில் செய்வித்திருந்தோம். கணினியில் முதலிடம் மூன்றாம் இலக்கத்துக்கு. பஃபர் என்ற சுத்தமான சோதனைக் கரைசலில் போட்ட நச்சையும் அது நன்றாகவே பிடித்தது.

பார்சல் கறியில் ஒன்றையும் காட்டவில்லை. நச்சை நாங்களே கலந்து கொடுத்த கறியிலும் காட்டவில்லை.

"கை பிழைச்சிருக்கும் றெஜினா, திரும்பச் செய்யுங்கோ" என்றேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் டெக்னீஷியன் அவர். மூன்று தரம் செய்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், உங்கட கணக்கில உப்பு எவ்வளவு போட்டனீங்கள்?"

"பஃபரில உள்ள அளவுதான்."

"இது கருவாட்டுக் கறி, மிஸ்."

பிழைத்தது அவர் கையல்ல, என் கணக்கு. மூன்றாம் இலக்கம் நச்சைப் பிடித்தது பெரும்பாலும் மின்னேற்றக் கவர்ச்சியால். உப்புக் கூடினால் அந்தப் பிடி தளரும். உப்பைக் குறைக்கத் தண்ணீர் விட்டால் நச்சும் ஐதாகிவிடும். கருவாட்டின் உப்பைப் போட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டினேன். கடைசியில் கிடந்த நான்காம் இலக்கம் மேலே வந்தது. அது நச்சின் வடிவத்திலேயே பொருந்தி நின்றது.

மறுநாள் றெஜினா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். அதே கறியை வீட்டில் புதிதாகச் சமைத்திருந்தார்.

"நல்ல கறியிலயும் மினுங்கினா எங்கட டெஸ்ட் பொய்யெல்லோ?"

எனக்கு அது தோன்றவேயில்லை. நான்காம் இலக்கத்தை இரண்டிலும் விட்டுப் பார்த்தோம். அவருடைய கறி மினுங்கவில்லை. பார்சல் கறி மினுங்கியது.

மெடம் இன்ஸ்பெக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். "இது புது முறை. கிட் வரும்வரை நான் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா அந்தப் பொம்பிளை மேல நஞ்சு வைத்த வழக்குப் போட்டீங்கன்னா, நானே கோர்ட்டுக்கு வந்து எதிர்த்துச் சொல்லுவேன்" என்று சிங்களத்தில் சொன்னார். அந்த நாட்களில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

கிட் வந்தது. முடிவு அதேதான். முதல்நாள் இரவு சமைத்த கறி, குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் வெளியே இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணை விட்டார்கள்.

ஆய்வுக் கட்டுரையில் றெஜினாவின் பெயரை முதலில் போட்டேன். கை பிழைத்ததாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அது பரவாயில்லை மிஸ். இனிக் கணக்குப் போட முந்தி, போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு என்னட்ட ஒருக்காக் கேளுங்கோ."

ஓய்வுபெறும் நாள்வரை கேட்டேன். கணினிக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகளே, நீங்களும் எழும்பிப் போய்க் கேளுங்கள்.