குலுங்காத ரத்தம்

அக்காவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தபோது காரமடையில் லாரிக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் திருப்பூர், அதற்கு முன் எங்கெங்கோ. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கியதில்லை. அக்கா வால்பாறையில் தேயிலை பறிப்பவள். கவாத்து வெட்டிய செடியின் குச்சி கணுக்காலில் குத்தியிருக்கிறது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு ஐந்து நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தபோது முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது.

வார்டில் எடுத்த ரத்தக் குப்பியை லேபுக்குக் கொண்டுபோவது கூட இருப்பவர் வேலை. இரண்டு மாடி இறங்கி முற்றம் தாண்ட வேண்டும். ஓடினேன். கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து கூப்பிட்டுக் குப்பியைக் காட்டினார்கள். மெஷினில் சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் இறங்கி, மேலே இளமஞ்சள் நீர் தெளிந்து நிற்குமாம். இதில் மேலேயும் சிவப்பு.

"ஓடியாந்தீங்களா? குலுக்குனா அணுவெல்லாம் ஒடஞ்சு போயிருமுங்க. மறுக்கா எடுத்துட்டு வாங்க."

நர்ஸ் இன்னொரு கையில் குத்தினார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"நீ மெதுவா நடந்து நான் பாத்ததே இல்ல கண்ணு. இன்னைக்காச்சும் நட."

நடந்தேன். குப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினேன். சுற்றி எடுத்தபோது அதிலும் மேலே சிவப்பு. லேபுக்காரர் என்னை நம்பவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது.

மூன்றாவது குப்பியை நர்ஸே எடுத்துப் போனார். நான் கட்டிலருகே நின்றேன். தொங்கிய மூத்திரப் பை கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. காலையிலேயே பார்த்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தக் குப்பியும் சிவப்புதான். டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்தார். காலில் இருந்த கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது, அது விடும் விஷம் சிவப்பணுவின் மேல்தோலை அரிக்கிறது, அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன என்றார்.

"நீங்க குலுக்குனதுனால இல்லீங்க."

தலையாட்டினேன். நான் குலுக்கியதாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்படியென்றால் நான்காவது முறை சரியாகக் கொண்டுபோயிருப்பேன்.

காலைக் கிழித்துக் கழுவினார்கள். மருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். அதுவும் உள்ளே போய் உடைந்தது. மறுநாள் மதியம் அக்கா செத்துப்போனாள். எனக்கு அழுகை வரவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன்.

ஆழியாறு தாண்டி ஆம்புலன்ஸ் வால்பாறை மலையேறியது. முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்ட்ரெச்சர் ஒருபக்கமாக அசைந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் மெதுவாகப் போகச் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். மீதி முப்பத்தொன்பது வளைவையும் அப்படியே ஏறினோம்.