ஒருநூலார் வீட்டுச் சிக்கனம்

லேத் பட்டறையில் அவருக்கு 'ஒருநூல்' என்று பட்டப்பெயர். எந்த வேலை கைக்கு வந்தாலும் "ஒரு நூல் அளவுகூடப் பிசகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டுவார். இரும்பு விஷயத்தில் மனிதர் அதுவரை பிசகியதே இல்லை. வீட்டில் நடப்பதை அளப்பதில்தான் கோட்டை விட்டார்.

பட்டறைக்கு வந்துகொண்டிருந்த பெரிய ஆர்டர் ஒன்று வேறு இடத்துக்குக் கைமாறிப் போனது. அதோடு ஓவர்டைமும் போனது. ஓவர்டைம் இல்லாத சம்பளம், வாடகையையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவையும் கண்டதும் காணாமல் போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளி, கிளம்பி வா, இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது, ஆனால் கை நிறையச் சம்பளம் என்று போனில் ஆசை காட்டினார். ஒருநூலாருக்குப் போக மனசே இல்லை. சின்னவனுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. திரும்பி வரும்போது பிள்ளை தன்னை யாரோ என்று பார்ப்பானோ என்று பயந்தார். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, 'போகாதீங்க' என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தார்.

அவள் "பார்க்கலாம்" என்றாள். போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

'பார்க்கலாம்' அந்த வீட்டில் அவருடைய சொந்தச் சரக்கு. பிள்ளைகள் சைக்கிள் கேட்டால் பார்க்கலாம், எங்கேயாவது கூட்டிப் போகச் சொன்னால் பார்க்கலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? மனிதருக்குச் சுருக்கென்றது. மாசக் கடைசியில் பதில் சொல்வதாகக் கூட்டாளியிடம் சொல்லி வைத்தார்.

அந்த மாதம் வீட்டின் போக்கே மாறிவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி மூலையில் வைத்திருந்தாள். முந்தின நாளே ஊறப் போட்ட பயறு. கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டால் மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளுமாம். பாத்திரத்துக்குக் காய்ச்சலா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்துவிடப் போகிறாரே என்றுதான் பதறினார்கள்.

குளிக்க வெந்நீர் ஒரு தடவைதான் போடுவது என்றானது. ஒருவர் துண்டோடு வெளியே வரும்போதே அடுத்தவர் உள்ளே ஓட வேண்டும். காய்கறி, சந்தை கடை கட்டுகிற நேரத்தில் வந்தது. நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் கிழித்து, நல்லாயிருந்த ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துவிட்டாள். படுத்தால் முதுகுக்கடியில் தையல் ஓடியது. அதன் தடிப்பு எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் அளந்தபடியே ஒருநூலார் தூங்கப் பழகினார். விளக்கணைக்கும் பதவி சின்னவனுக்குக் கிடைத்தது. பதவி வந்ததும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா குளியலறைக்குள் இருக்கும்போதே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனான். மனிதர் முகமெல்லாம் சோப்போடு இருட்டில் நின்று கத்தினார்.

கத்தினாரே தவிர, உள்ளுக்குள் இடிந்துபோயிருந்தார். வீடு இவ்வளவு நொடித்துப் போய்விட்டதா? பெண்டாட்டி பிள்ளைகளை இப்படி வைத்திருக்கும் நானும் ஒரு மனுஷனா? பெரியவள் பள்ளி வேனை விட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதை ஒரு நாள் பட்டறை வாசலிலிருந்து பார்த்துவிட்டார். அன்றைக்கு வேலையில் கை ஓடவில்லை. முதல் முறையாக ஓர் அச்சை அளவு தப்பக் கடைந்தார். முதலாளி அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

மாசக் கடைசி வந்தது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே விளக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றார் தட்டைப் பார்த்தபடி. "நாளைக்கே சொல்லிடுறேன். நீங்க இப்படிக் கஷ்டப்படுறதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

பெரியவள் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "யாருப்பா கஷ்டப்பட்டா? நீங்க போகக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்ணினோம்?"

சின்னவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். அவன் உதடு துடித்தது. "லைட்டை எல்லாம் அணைச்சா அப்பா போக மாட்டாங்கன்னு சொன்னியேம்மா."

ஒருநூலார் மனைவியைப் பார்த்தார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க உங்க சாப்பாட்டைக் குறைச்சுட்டு எங்களை நல்லா இருக்கச் சொல்லியிருப்பீங்க," என்றாள் அவள். "என்னால முடியுமான்னு எனக்கே தெரியலைங்க. ஒரு வழியும் காட்டாம, போகாதீங்கன்னு வெறும் வாயில எப்படிச் சொல்றது? அதான் பார்க்கலாம்னேன். பார்த்தாச்சு. ஓவர்டைம் இல்லாமலே இந்த மாசம் ஓடிடுச்சு. யார்கிட்டயும் போய் நிக்கலை."

எந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தாரோ, அதைத்தான் மூன்று பேரும் மாதம் முழுக்கச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர் என்னடாவென்றால் தனக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் புகழ்ந்து பழக்கமில்லாத வாய், இருந்தாலும் வெட்கத்தை விட்டுச் சொன்னார்: "நான் ரொம்பக் கொடுத்து வச்சவன்."

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆறிப்போச்சுன்னா மறுபடி அடுப்பெல்லாம் பத்த வைக்க முடியாது."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சின்னவன் அன்று தன் இடத்தில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்பாவின் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான்.

மறுநாள் பட்டறையிலிருந்தே கூட்டாளிக்குப் போன் போட்டார். வரவில்லை என்றதும் கூட்டாளிக்குக் கோபம். இப்படி ஒரு வாய்ப்பை எவனாவது விடுவானா, என்ன காரணம் என்று குடைந்தார்.

"வீட்டுல விட மாட்டேங்கிறாங்கப்பா," என்றார் ஒருநூலார். பட்டறையில் எல்லோரும் அலுத்துக்கொண்டு சொல்கிற பேச்சு அது. பக்கத்து லேத்தில் சத்தம் அதிகமாக இருந்ததால், அதை ஓட்டுகிற ஆளுக்கும் கேட்கட்டும் என்று அவர் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார்.