தடைக்கம்பத்துக்கு வெளியே

யார் என்ன நோவென்று வந்தாலும் சிவனேஸ்வரி முதலில் காலைத்தான் தொட்டுப் பார்ப்பார். நெஞ்சு வலிக்கிறது, ஏணியிலிருந்து விழுந்தேன், நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, எதுவானாலும் சரி, சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பாதம் சில்லிட்டிருந்தால் மற்ற வேலைகள் ஓட்டமாக நடக்கும். சூடாக இருந்தால், "உவர் கத்துற அளவுக்கு வருத்தமில்லை" என்று தமிழிலேயே முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கட்டிலில் கிடக்கும் வெள்ளைக்காரக் கிழவருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் அந்தத் தொனியைக் கேட்டதும் பாதி முனகல் நின்றுவிடும்.

மெல்பேர்ன் புறநகர் ஒன்றில் இருக்கும் இராணுவ வைத்தியசாலை அது. யுத்தத்துக்குப் போய் வந்தவர்களுக்கும் இன்னும் சேவையில் இருப்பவர்களுக்கும் மட்டும். வாசலில் சிவப்பும் வெள்ளையும் பூசிய தடைக்கம்பம். இராணுவ அட்டையைக் காட்டினால்தான் அது உயரும். உள்ளே, 'கஷுவல்ரி' என்கிற அவசர சிகிச்சைப் பகுதியில் நான்கு வருடமாக இவர். நாற்பத்திரண்டு வயது, குட்டையான உருவம். நைலெக்ஸ் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, கீழே கன்வஸ் சப்பாத்து, மேலே வெள்ளைக் கோட்டு. சாப்பாடு எப்போதும் நின்றபடிதான். வீட்டுக் குசினியில் கதிரை இருந்தாலும் அதில் இருக்கமாட்டார். "இஞ்சை ஒருத்தரும் சாகக் கிடக்கேல்லை, இருந்து சாப்பிடுமன்" என்று கணவர் வரதராஜா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார்.

"டொக்டரைக் கூப்பிடு, பெண்ணே" என்று நாளுக்கு ஒரு கிழவராவது சொல்வார். "வந்தாயிற்று, கையை நீட்டுங்கள்" என்று இவர் ஊசியை ஏற்றிவிடுவார். அதற்கெல்லாம் அவருக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வருவது ஒரு தாளை நினைத்தால்தான்.

கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் பத்து வருடம் இரவு பகல் பாராமல் உழைத்தவருக்கு இங்கே கிடைத்தது வரையறுத்த வைத்தியர் பதிவுத் தாள். அதன்படி இந்த வைத்தியசாலை வளவுக்குள் மட்டும் அவர் வைத்தியர். ஒவ்வொரு யூன் மாதமும் வைத்தியசாலையின் தலைவரான அத்தியட்சகர் கையெழுத்து வைத்தால் இன்னும் ஒரு வருடம் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று போகிற உயிரைப் பிடித்து நிறுத்தலாமாம். அந்தப் பக்கம் போய்த் தலையிடிக்கு ஒரு குளிசை எழுதக் கூடாதாம். எந்தப் புத்திசாலியின் மூளையில் உதித்ததோ! "கேற்றைத் தாண்டினவுடனை படிச்சதெல்லாம் மறந்துபோமெண்டு நினைக்கினமாக்கும்" என்று பல்லைக் கடிப்பார்.

நம்மவர்கள் மட்டும் என்ன குறைவா? ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய பொங்கல் விழாவில், மல்கிரேவ் பகுதியிலிருந்து வந்த எஞ்சினியர் கிருஷ்ணசாமி கேசரித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேஷுவல்டின்னா ஜூனியர்ஸ் பார்க்கிற வேலையாச்சே, மேடம். நீங்க எப்போ ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போறீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். சிவனேஸ்வரி சிரித்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றிரவு அவர் பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டதாக வரதராஜா சொல்கிறார்.

அந்தக் கிருஷ்ணசாமிக்குத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நெஞ்சை அடைத்தது. மனைவி கிரிஜா அவரைக் காரின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள், இரண்டிலும் அவசரப் பகுதி உண்டு. இரண்டையும் தாண்டி, முக்கால் மணி நேரம் ஓட்டி, தெரிந்த தமிழ் டொக்டரைத் தேடி இராணுவ வைத்தியசாலை வாசலுக்கு வந்து நின்றார். கம்பம் உயரவில்லை. காவலாளி அட்டை கேட்டான். கிரிஜா கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணசாமி பின்னால் சரிந்துவிட்டார்.

காவலாளி தொலைபேசியில், உங்களைத் தேடி ஒரு பெண் வந்து அழுகிறாள் என்று சொன்னதுதான் தாமதம், சிவனேஸ்வரி ஓடினார். கம்பத்துக்குக் கீழே குனிந்து வெளியே போனார். கழுத்தில் விரலை வைத்தார், நாடி இல்லை. கிரிஜாவையும் கூப்பிட்டு ஆளை இழுத்துத் தார் வீதியில் மல்லாத்தி, முழங்காலில் நின்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்.

"வழியிலை ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கெல்லே! தாண்டி ஏன் இஞ்சை கொண்டந்தனீங்கள்? விசரே உங்களுக்கு?" அழுத்தியபடியே கத்தினார்.

"உங்ககிட்டதான் போகணும்னார், அக்கா. இந்த ஊர்ல எங்களுக்கு வேற யாரைத் தெரியும்?" என்று கிரிஜா அழுதார்.

சிவனேஸ்வரி அழுத்துவதை நிறுத்தவில்லை. காவலாளியைப் பார்த்து, கம்பத்தைத் தூக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஓர் அதட்டல் போட்டார். அவன் முன்னாள் படையாள், கட்டளையைக் கேட்ட பழக்கத்தில் கை தானாகத் தூக்கிவிட்டது. தாதிகள் தள்ளுகட்டிலோடு வந்து சேர நாலு நிமிடம். அதுவரை அந்த வீதியில் மூச்சு ஊதியதும் நெஞ்சை அழுத்தியதும் இவர்தான். உள்ளே கொண்டுபோய் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாம் முறை நாடி திரும்பியது. பின்னேரமே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மனிதர் இப்போது வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு என்ன செய்ய வேண்டும்? ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? புதன்கிழமை அத்தியட்சகர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கேணல், கெட்ட மனிதரில்லை. மேசையில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து தயாராக இருந்தது. வளவுக்கு வெளியே வைத்தியம் செய்தது தவறு, அதற்கு வருந்துகிறேன், இனி அவ்வாறு செய்யமாட்டேன் என்று சிவனேஸ்வரியின் பெயரில் எழுதியிருந்தது. பக்கத்தில் அடுத்த வருடப் பதிவுக்கான படிவம். கடிதத்தில் சிவனேஸ்வரி கையெழுத்து வைத்தால் படிவத்தில் கேணல் கையெழுத்து வைப்பார். யாரோ மேலே முறைப்பாடு அனுப்பிவிட்டார்களாம்.

"வாசலில் ரொட்டி வான்காரன் ஒருவன் நின்று, அவன் அந்த நெஞ்சை அழுத்தியிருந்தால்?" என்று சிவனேஸ்வரி கேட்டார்.

"பாராட்டிக் கடிதம் எழுதியிருப்போம்" என்றார் கேணல். பொய் சொல்லத் தெரியாதவர். "அவனுக்கு மீறுவதற்குப் பதிவு எதுவும் இல்லையே."

யோசிக்க வெள்ளி வரை தவணை கொடுத்தார். கடிதம் கைப்பையோடு வீட்டுக்கு வந்தது.

"ஒரு கையெழுத்துத்தானே, வைச்சுவிடுமன்" என்றார் வரதராஜா. "பதிவு போனா நீர் டொக்டரே இல்லை. திரும்பவும் முதலிலையிருந்து தொடங்கேலுமே?"

"கையெழுத்து வைக்கலாம். அடுத்த முறை அந்தக் கம்பத்துக்கு அங்காலை ஒராள் விழுந்து கிடந்தா, நான் இஞ்சாலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டு விடுப்புப் பாக்கிறதோ? சொல்லுங்கோ."

வரதராஜா கடிதத்தை மடித்துத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தார். அவருக்கும் பயம், பாவம். இரண்டு இரவு இருவரும் சரியாகத் தூங்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதற்காக ஒரு குடும்பம் தூக்கத்தைத் தொலைத்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

வெள்ளிக்கிழமை இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவர் அத்தியட்சகரின் அறைக்குப் போனார். கதிரையைக் காட்டினார்கள், இருக்கவில்லை. கடிதத்தை மேசையில் விரித்து, தட்டச்சு வரிகளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கோடாக வெட்டினார். கீழே ஆங்கிலத்தில், 'மறுபடியும் செய்வேன்' என்று எழுதி, முழுப் பெயரையும் படித்த பட்டத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு பதிவுப் படிவத்தை எடுத்துக் கேணலுக்கு முன்னால் வைத்து, பேனையை மூடாமல் அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்.