ஒற்றைக் கதிரைக் குழு

கணினிக்குள் கள்ளன் புகாமல் காவல் இருக்கும் உத்தியோகத்தில் ஒரு வினோதம் உண்டு. கள்ளன் வராத நாளெல்லாம் கந்தோரில் எல்லோரும் நம்மைத்தான் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று ஊர் முழுக்கக் கெஞ்சித் திரியும் என் இனத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் மேசைக்கும் யாரும் தேநீரோடு வருவதில்லை என்று எனக்குத் தெரியும்.

குழு பிறந்த கதை

சைபர் தாக்குதல் நடந்தால் உடனே இறங்கி வேலை செய்ய ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமூலம் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வரைவு, அபிப்பிராயம் கேட்டு, கண்டியில் எங்கள் கந்தோருக்கும் வந்தது. அபிப்பிராயம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஆனால் சட்டம் வருமுன்பே குழுவை அமைத்துவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று பணிப்பாளர் அம்மாவுக்குத் தோன்றிவிட்டது.

பழைய கோப்புகள் அடைந்து கிடந்த அறையைக் கூட்டி, ஒரு மேசை, ஒரு கதிரை, ஓர் அலுமாரி போட்டார்கள். என்னை உள்ளே உட்காரவைத்து, குழு என்றார்கள். அங்கத்தவர் அல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று வரைவில் இருந்ததால், அதையும் கதவில் ஒட்டினார்கள். குழுவென்றால் இன்னும் இரண்டு பேராவது வேண்டாமா என்று கேட்டேன். அம்மா அன்பாகத்தான் சொன்னார்: "சட்டம் வரட்டும் சிவா, ஆட்கள் தானா வருவாங்க."

பதில் கேட்டு வந்தவர்

கதவுக்கு மேலே மும்மொழியில் பெயர்ப்பலகை. தமிழ் என் கைவண்ணம். 'ரெஸ்பொன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நின்றதைப் பிடித்துப் போட்டு, 'அவசர பதிலளிப்புக் குழு' என்று எழுதிக்கொடுத்தேன். அதன் பலன் அடுத்த வாரமே வந்தது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், பொலித்தீன் பைக்குள் கடிதக் கட்டோடு வந்து நின்றார். ஒரு வருஷமாகக் கடிதம் போடுகிறாராம், பதிலே இல்லையாம்; பலகையைப் பார்த்ததும் உயிர் வந்ததாம்.

இது கணினிக்கு ஆபத்து வந்தால் பார்க்கும் இடம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பதிலே குடுக்காத ஆளுங்களுக்கு எதுக்குங்க ஒரு குழு?"

சோதனை மடல்

அந்த அறையில் எனக்கிருந்த ஒரே துணை பரீனா. கந்தோரின் நிர்வாகப் பிரிவில் எழுதுவினைஞர். பகல் சாப்பாட்டு நேரத்தில், சட்டத்தை மதித்து, தன் கதிரையை நடைபாதையில் வாசலுக்கு வெளியே போட்டுக்கொள்வார், நான் உள்ளே. நிலைப்படிக்கு மேலால் கறி கைமாறும். திகனவில் படுக்கையில் கிடக்கும் உம்மாவைத் தனியே விட்டுவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறி வருகிறார். அங்குள்ள கிளைக்கு இடமாற்றம் கேட்டு எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு இருக்கும்.

ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க ஒரு போலி மின்மடல் அனுப்ப வேண்டியிருந்தது. எல்லோரும் அமுக்கக்கூடிய தலைப்பு எது என்று யோசித்தேன். 'இடமாற்றப் பட்டியல் - உங்கள் பெயர் உள்ளது' என்று போட்டேன். கந்தோரே அமுக்கியது. முதலில் அமுக்கியது பரீனா. "அண்ணன், கெடச்சீக்குது!" என்று வாசலுக்கு ஓடி வந்தவரிடம், அது என் வேலை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கள்ளன் இப்படித்தான் ஆசை காட்டுவான், அதுதான் பாடம் என்று விளக்க வாயெடுத்தேன், நல்லவேளை, விளக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் கிடந்த தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னார்: "ஒங்கட சோதனைல நான் பெயில் அண்ணன், என்னெண்டா எனக்கு அது மிச்சம் தேவையா ஈந்திச்சு."

முதல் முறைப்பாடு

நான்கு மாதம் தனியாகச் சாப்பிட்டேன். நான் வந்தால் பேச்சு நின்றது. எல்லோருடைய மடலையும் வாசிக்கிறேன் என்று பேச்சு. கடைசியில் பரீனாவிடம் மன்னிப்புக் கேட்டு, குழுவின் இரண்டாவது அங்கத்தவராக வரும்படி அழைத்தேன். யோசித்துச் சரி என்றார். பணிப்பாளர் அம்மாவும் ஒத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை நியமனக் கடிதம். இரண்டாவது கதிரையைத் துடைத்து உள்ளே போட்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளி காலை, சந்தேக மடல்களை அறிவிக்க நான் தயாரித்த படிவத்தில் முதல் முறைப்பாடு வந்தது. ஒரு பிழையில்லாமல் நிரப்பியிருந்தவர் பரீனா. மடல்: 'திகன கிளைக்கு இடமாற்றம். இன்று மாலைக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.' அனுப்பியவர், முகவரி, கோப்பு இலக்கம் எல்லாவற்றையும் சோதித்தேன். அத்தனையும் உண்மை.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மாலையில் அது தானாகச் செத்துவிடும். திங்கட்கிழமை எதிரே ஒரு ஆள் இருக்கும். சொல்ல வெட்கம்தான், அரை மணித்தியாலம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போனேன்.

அவர் நம்பவில்லை. தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைத்த பிறகுதான் சம்மதம் அனுப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "ஒங்கட குழுவால கடைசியா ஒரு ஆளுக்குப் பதில் வந்திட்டுது, அண்ணன்."

பொருள்கோடல்

பரீனா போன பிறகு, திருத்திய வரைவு வந்தது. ஆட்கள் தானாக வருவார்கள் என்ற பகுதியைத் தேடி ஆவலாய்ப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவில் கண்டேன்: குழு என்பது தனியொருவரையும் உள்ளடக்கும். மூன்று தரம் வாசித்தேன். அபிப்பிராயம் கேட்டிருந்த படிவத்தில் தலைவர், செயலாளர், அங்கத்தவர் என்று மூன்று கையொப்பம் வேண்டுமாம். மூன்று இடத்திலும் என் பெயரையே எழுதினேன்.

படிவத்தை வாங்கிப்போக வந்த பியூன் திலக், வாசலில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டறிந்தார். பார்வை எனக்கு எதிரே போனது. "ஒரு ஆள் போதும்னா, மாத்தயா, மத்தக் கதிரைய நான் கொண்டு போறேனே?"

ஆக, சட்டப்படி நான் ஒரு கூட்டம்தான், பகல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கூட்டம் நடத்தப் போதிய ஆள் இருப்பதில்லை.